மருந்துச் சட்ட வேலையா? முதலில் தேதியைப் பாருங்கள்

புனேயில் மருந்துக் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. ஹடப்சரில் சீரம், ஹிஞ்ஜேவாடியில் எம்க்யூர் என்று தொடங்கி சின்னச் சின்ன யூனிட்டுகள் வரை உண்டு. சட்டம் படிக்க ஐ.எல்.எஸ்., சிம்பயாசிஸ் இருக்கின்றன. பி.பார்ம் முடித்துக் குவாலிட்டி பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, மூன்று வருட எல்.எல்.பி. சேரலாமா என்று யோசிக்கும் தமிழ்ப் பிள்ளைகளை இங்கே பார்க்கிறேன். தாராளமாகச் சேருங்கள். கெமிஸ்ட்ரி தெரிந்த வக்கீலுக்கு என்றும் கிராக்கிதான்.

சேருவதற்கு முன் ஒரு தீர்ப்பைப் படித்துவிடுங்கள். 2018 டிசம்பரில் மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாக (எஃப்.டி.ஏ.) அதிகாரிகள் புனேயிலும் நாசிக்கிலும் ஜான்சன் பேபி பவுடரின் மாதிரிகளை எடுத்தார்கள். பவுடர் தயாரானது மும்பை முலுண்ட் ஆலையில். பி.எச். அளவு 8-க்குள் இருக்க வேண்டும். சோதனையில் 9-ஐத் தாண்டியது. கம்பெனி ஒப்புக்கொள்ளாததால் மாதிரி கொல்கத்தாவின் மத்திய ஆய்வகத்துக்குப் போனது. அங்கும் அதே முடிவு. 2022 செப்டம்பர் 15-இல் உரிமம் ரத்து; ஐந்து நாள் கழித்து, தயாரிப்பையும் விற்பனையையும் உடனே நிறுத்தச் சொல்லி இன்னொரு உத்தரவு. அமைச்சரிடம் செய்த மேல்முறையீடும் தோற்றது. கம்பெனி பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

2023 ஜனவரி 11-இல் நீதிபதிகள் கௌதம் படேல், எஸ்.ஜி. டிகே அமர்வு மூன்று உத்தரவுகளையும் ரத்து செய்தது. பவுடர் நல்லதா கெட்டதா என்பதைவிட, எஃப்.டி.ஏ. நடந்துகொண்ட விதம்தான் அங்கே அடிபட்டது. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 2018 மாதிரிக்கு 2022 வரை ஏன் காத்திருந்தீர்கள்? ஒரு பேட்ச் தவறியதற்கு மொத்த உரிமத்தையும் பறிப்பதா? வழக்கு நடக்கும்போதே நீதிமன்றம் புது மாதிரிகளை எடுத்து மூன்று ஆய்வகங்களுக்கு அனுப்பச் சொன்னது, எல்லாமே தேறிவிட்டன. எறும்பை அடிக்கச் சம்மட்டி வேண்டாம் என்ற பொருளில் நீதிபதிகள் சொன்னது மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. என்னைக் கேட்டால் தீர்ப்பு சரிதான். அதற்காக அந்த மாதிரியில் குறையே இல்லை என்று ஆகிவிடாது. துறை தூங்கியதன் பலன் கம்பெனிக்குப் போனது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர் நம் ஊர்க் கதை. 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அடுத்தடுத்த நாட்களில் சோதித்து, விற்பனையை நிறுத்தி, அக்டோபர் 13-இல் உரிமத்தை முழுவதுமாக ரத்து செய்தது. ஆபத்தின் அளவும் நடவடிக்கையின் வேகமும் இப்படிப் பொருந்தி வந்தால், அந்த உத்தரவை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு உடைப்பது கடினம்.

ஆக, கம்பெனிப் பக்கமோ அரசுப் பக்கமோ, உங்கள் பிழைப்பு தேதிகளில் இருக்கிறது. ஆய்வறிக்கை கைக்கு வந்த தேதியை இன்வர்ட் முத்திரையோடு பதியச் சொல்லுங்கள். 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி, அறிக்கையை மறுக்கப்போகிறோம் என்று எழுதித் தர 28 நாள்தான் அவகாசம். விட்டால் அந்த அறிக்கையே முடிந்த முடிவு. தபால் மேஜையில் பத்து நாள் கிடந்த கவருக்கு நீதிமன்றம் இரக்கம் காட்டாது. கடையில் மாதிரி எடுத்தால் பொதுவாக நான்காகப் பிரித்து சீல் வைப்பார்கள். ஒன்று யாரிடம் எடுத்தார்களோ அவருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, மற்றொன்று அந்தச் சரக்கை யாரிடம் வாங்கியதாகக் கடைக்காரர் சொல்கிறாரோ அவருக்கு. சீல் சரியாக இருந்ததா, எந்தப் பங்கு எங்கே போனது என்று அன்றைக்கே குறித்து வையுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் போடுவது அரசின் முடிவுக்கு எதிராக. சீரம் மாதிரி தனியார் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்க அது வழியல்ல. சாட்சி விசாரணை வேண்டிய விஷயத்தில் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் கை வைக்காது. மருந்தால் பாதிக்கப்பட்டவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் உற்பத்திப் பொறுப்பு அத்தியாயம் இருக்கிறது. கெடு இரண்டு ஆண்டு. எந்த ஆணையத்துக்குப் போவது என்பதைக் கேட்கும் நஷ்டஈடு தீர்மானிப்பதில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை தீர்மானிக்கிறது. நூறு ரூபாய் மருந்துக்கு எத்தனை லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான்.

கம்பெனியின் முக்கியமான கேடயம் அதே நுகர்வோர் சட்டத்தின் 87-ஆவது பிரிவு. எச்சரிக்கை போதவில்லை என்ற வழக்கில், நிபுணர் மேற்பார்வையில் மட்டும் தரவேண்டிய பொருளானால், அவருக்கு முறையாக எச்சரிக்கை கொடுத்துவிட்டேன் என்று தப்பிக்கப் பார்க்கலாம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் அந்தப் பொடியெழுத்துக் காகிதத்துக்கு அதனால்தான் இவ்வளவு மதிப்பு. ரெகுலேட்டரி பிரிவில் அதைத் திருத்தும் வேலை கிடைத்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு வழக்கில் முதல் சான்றாவணம் அதுதான்.

மருந்துத் தயாரிப்பு உரிமம் ரத்தானதும் நேராக ரிட்டுக்கு ஓடவும் கூடாது. மருந்து விதிகளில் 85-ஆவது விதியின் கீழ் மாநில அரசிடம் மேல்முறையீடு இருக்கிறது. அதைத் தாண்டிப் போக வேண்டுமென்றால், விளக்கம் கேட்காமலே முடிவெடுத்தார்கள், அதிகாரமே இல்லாதவர் கையெழுத்துப் போட்டார் என்பது போலக் காரணம் காட்ட வேண்டும்.

மராத்தி படியுங்கள். ஆங்கிலத்தை வைத்துக் கம்பெனிக்குள் காலம் தள்ளலாம், ஆனால் பஞ்சநாமாவும் அரசுக் குறிப்புகளும் மராத்தியில் வரும்.

கடைசியாக ஒன்று. 2025 ஆகஸ்டில் கோலாப்பூரில் தொடங்கிய உயர் நீதிமன்ற சர்க்யூட் அமர்வில் சாத்தாரா, சோலாப்பூர் எல்லாம் சேர்ந்தன, புனே சேரவில்லை. உங்கள் ரிட் மும்பையில்தான். காலை 7.15 டெக்கான் குயின் பத்தரை மணிவாக்கில்தான் சி.எஸ்.எம்.டி. சேரும். வழக்கு பட்டியலின் மேலே இருந்தால் முந்தின நாள் இரவே போய்விடுங்கள்.