வழியில் ஓர் உடும்பு

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகரம் இருக்கிறது. அதற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மலைக்கோட்டை உண்டு. அதன் பெயர் சிம்மகட். ஞாயிற்றுக்கிழமைகளில் நிறையப் பேர் இந்த மலையில் நடந்து ஏறுகிறார்கள். அடிவாரத்து ஊர்ப் பெண்கள் மேலே தயிரும் மோரும் விற்கிறார்கள். சின்ன மண்சட்டியில் உறைய வைத்த தயிர். அதைச் சாப்பிடுவதற்கென்றே மலை ஏறுகிறவர்களும் உண்டு!

மழைக்காலம் முடிந்த நேரம். தயிர் விற்கும் பாட்டி ஒருவர் பேரனோடு மலை ஏறிக்கொண்டிருந்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. முன்னால் போன பேரன் சட்டென்று நின்றான்.

"ஆஜி! முதலைக்குட்டி!" என்று கத்தினான். மராத்தி மொழியில் பாட்டியை ஆஜி என்று கூப்பிடுவார்கள்.

பாறைமேல் ஒரு உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மண் நிறம். ஒரு கஜத்துக்கும் மேல் நீளம். அதில் பாதிக்கு மேல் வால். பிளந்த நாக்கை வெளியே நீட்டுவதும் உள்ளே இழுப்பதுமாக இருந்தது.

"முதலை இல்லை ராஜா, கோர்பட்" என்றார் பாட்டி. உடும்புக்கு மராத்தியில் அதுதான் பெயர்.

பின்னால் வந்த ஒருவர் கையில் தடியை எடுத்தார். "தள்ளுங்கள் பாட்டி. பொல்லாத விஷம். கடித்தால் தண்ணீர் கேட்கக்கூட நேரம் இருக்காது" என்றார்.

"நான் ஐம்பது வருஷமாக இந்த வழியில் நடக்கிறேன். அது யாரையும் கடித்து நான் பார்த்ததில்லை. தடியைக் கீழே போடு தம்பி. அதற்கு வழி விடு" என்றார் பாட்டி.

மூவரும் பத்தடி பின்னால் நகர்ந்தார்கள். உடும்பு கழுத்தை உப்பிக்கொண்டு 'உஸ்' என்று சீறியது. பிறகு பாறை இடுக்கில் நுழைந்து மறைந்துவிட்டது.

தடி எடுத்தவர் கெட்டவர் அல்ல. சின்ன வயதில் கேட்டதைச் சொன்னார். வட இந்தியாவிலும் இந்தப் பயம் பரவலாக உண்டு. உடும்புக் குஞ்சின் உடம்பில் புள்ளியும் பட்டையும் பளிச்சென்று தெரியும். அதனால் அதை வேறு ஒரு பிராணி என்று நினைத்துக்கொண்டு 'பிஸ்கோப்ரா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ட இடத்தில் அடித்துக் கொல்கிறார்கள். உண்மையில் பாம்புக்கு உள்ளது போன்ற நச்சுப்பல் உடும்புக்குக் கிடையாது. பிளந்த நாக்கைக் கண்டும் பயப்பட வேண்டாம். அது கொட்டும் நாக்கு அல்ல, மோப்பம் பிடிக்கும் நாக்கு. காற்றிலும் மண்ணிலும் உள்ள வாசனையை ஒற்றி எடுத்து வாய்க்குள் கொண்டுபோகும். இரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

அதன் இரை என்ன? வண்டு, புழு, வெட்டுக்கிளி, நத்தை, நண்டு, எலி, சில சமயம் பாம்பு. செத்த பிராணியையும் தின்னும். வயல் பக்கம் உடும்பு இருந்தால் விவசாயிக்கு லாபம்தான். ஆனால் கோழிமுட்டையும் குஞ்சும் கிடைத்தால் அதையும் விடாது. இதை மறைக்க வேண்டியதில்லை. கோழிக்கூட்டுக்குக் கம்பிவலை அடித்துவிட்டால் தீர்ந்தது.

உடும்பு மண்ணைத் தோண்டி முட்டையிடும். கறையான் புற்றிலும் இடும். குஞ்சு வெளியே வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். முட்டை இருக்கும் புற்றை இடித்தால் அத்தனையும் நாசமாகிவிடும்.

சிம்மகட் கோட்டைக்கும் உடும்புக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1670ஆம் ஆண்டில் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே இந்தக் கோட்டையைப் பிடித்தார். அந்தப் போரிலேயே உயிரையும் விட்டார். உடும்பின் இடுப்பில் கயிறு கட்டிச் சுவரில் ஏற்றி, அந்தக் கயிற்றைப் பிடித்து வீரர்கள் ஏறினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். உடும்புப்பிடி பலமானதுதான். நகத்தைப் பாறையில் ஊன்றிவிட்டால் இழுப்பது கஷ்டம். என்றாலும் சில கிலோ எடையுள்ள பிராணி ஆள் பாரத்தைத் தாங்குமா? கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பயத்தால் சாகும் உடும்பு பாதி என்றால் ஆசையால் சாகும் உடும்பு மீதி. கறிக்காகவும் தோலுக்காகவும் பிடிக்கிறார்கள். கொழுப்பைக் காய்ச்சி, மூட்டுவலிக்கு மருந்து என்று சந்தையில் விற்கிறார்கள். எந்த எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தாலும் கொஞ்ச நேரம் இதமாகத்தான் இருக்கும். அதற்கு ஓர் உயிரைக் கொல்ல வேண்டுமா?

இதைவிடப் பெரிய மோசடி 'ஹத்தா ஜோடி'. கும்பிட்ட இரண்டு கைகளைப் போல இருக்கும் ஒரு காய்ந்த பொருள் இது. அபூர்வமான செடியின் வேர், பூஜையில் வைத்தால் பணம் சேரும் என்று விற்கிறார்கள். அது வேரே அல்ல. ஆண் உடும்பின் இன உறுப்பை அறுத்துக் காயவைத்தது. 2017இல் இந்தக் குட்டு வெளிப்பட்டது. பக்தியோடு வாங்கியவர்கள் எதைக் கும்பிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

இந்தியாவில் நான்கு வகை உடும்புகள் உண்டு. நான்கும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் உள்ளன. புலியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. உடும்பைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். கறியோ தோலோ ஹத்தா ஜோடியோ விற்பதும் வாங்குவதும் குற்றம்தான். 'வேர் என்று நினைத்து வாங்கினேன்' என்று காவலர் முன்னால் நின்று சொல்லும் நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

உடும்பு தானாக வந்து கடிக்காது. பிடிக்கப் போனால் கடிக்கும், நகத்தால் கீறும், வாலாலும் அடிக்கும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் காயத்தை நன்றாகக் கழுவ வேண்டும். அழுகிய இறைச்சி தின்னும் வாய் அது. சீழ் பிடிக்கலாம். ஆகையால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயத்தைக் காட்ட வேண்டும்.

வீட்டுக்குள் உடும்பு வந்துவிட்டால் குழந்தைகளையும் நாயையும் அப்புறப்படுத்துங்கள். வெளிக்கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பெரும்பாலும் அதுவே போய்விடும். போகவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தில் இதற்கான தொலைபேசி எண் 1926.