லூக் நாயின் திரை வாழ்க்கை: முக்கியக் குறிப்புகள்

காட்சித் தொடர்பியல் அல்லது இதழியல் எடுத்து நெட் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் மௌனப்பட நகைச்சுவை என்றதும் சாப்ளின், கீட்டன், லாயிட் என்று மூன்று பெயரை எழுதிக்கொண்டு நோட்டை மூடிவிடுகிறார்கள். அந்தக் காலத்துப் படங்களில் மனிதர்களுக்குச் சமமாக ஓடி, ஏறி, நீந்தி நடித்த ஒரு நாயைப் பற்றி ஒரு வரிகூட எழுதிவைப்பதில்லை. லூக்கைத் தனியாக எடுத்துப் படியுங்கள். கீஸ்டோன் காலம், ஆர்பக்கிள் காலம், கீட்டன் தனித்து நின்ற காலம் மூன்றும் தானாகவே வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும்.

அடிப்படைத் தகவல்கள்

• பெயர்: லூக். வாழ்ந்த காலம்: 1913–1926. இனம்: பிட்புல் டெரியர். சில நூல்களில் ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் என்றிருக்கும். இரண்டும் நெருங்கிய உறவுள்ள இனங்கள்.

• வளர்த்தவர்கள்: நடிகை மின்டா டர்ஃபீ (1889–1975), அவருடைய கணவர் ரோஸ்கோ ஆர்பக்கிள் (1887–1933). திரையில் ஆர்பக்கிளின் பெயர் 'ஃபேட்டி'. இருவரும் 1908-இல் மணந்தவர்கள். 1925-இல் விவாகரத்து.

• பெயர்க் காரணம்: இயக்குநர் வில்ஃப்ரெட் லூகாஸ் ஒரு படத்தில் ஆபத்தான சாகசக் காட்சி ஒன்றைச் செய்யும்படி மின்டாவைக் கேட்டார். செய்து முடித்ததற்குப் பரிசாக ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்தார். கொடுத்தவர் பெயரைச் சுருக்கிக் குட்டிக்கு வைத்தார்கள். லூகாஸ் கொடுத்தது லூக் என்று நினைவில் வைத்தால் போதும்.

• தொடங்கிய இடம்: கீஸ்டோன் ஸ்டுடியோ, லாஸ் ஏஞ்சலிஸின் ஈடன்டேல் பகுதி. நிறுவியவர் மாக் சென்னட், ஆண்டு 1912.

• உடன் நடித்தவர்கள்: ஆர்பக்கிள், மேபல் நார்மண்ட், பஸ்டர் கீட்டன், ஆர்பக்கிளின் அக்கா மகன் அல் செயின்ட் ஜான். லூக் துரத்தியவர்களில் முதலிடம் இந்த அல் செயின்ட் ஜானுக்குத்தான். பெரும்பாலும் வில்லன் அவர்.

படங்கள், காலவரிசைப்படி

• 1915: ஃபேட்டிஸ் ஃபெய்த்ஃபுல் ஃபிடோ, ஃபேட்டிஸ் பிளக்கி பப். இரண்டிலும் தலைப்பே நாயைச் சொல்கிறது. லூக்குக்கு ஏணி ஏறத் தெரியும். துரத்தப்படும் வில்லன் கூரைக்கு ஏறித் தப்பிவிட்டான் என்று பார்ப்பவர் மூச்சுவிடும்போது நாயும் படி படியாக மேலே வரும். அந்த ஏணி ஏற்றமே அதன் அடையாள வித்தை.

• 1916: ஃபேட்டி அண்டு மேபல் அட்ரிஃப்ட். மூன்று ரீல் படம். வெளியான மாதம் ஜனவரி. புதுமணத் தம்பதியின் கடலோர வீட்டை வில்லன் கூட்டம் கடலில் தள்ளிவிடுகிறது. வீடு மிதக்கிறது, உள்ளே தண்ணீர் ஏறுகிறது, கட்டில் மிதக்கிறது. உதவி கேட்டுக் கரைக்கு நீந்துவது லூக். கதையின் முடிச்சை அவிழ்க்கும் வேலையை ஒரு நாயிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இது ஓரமாக வாலாட்டிவிட்டுப் போகும் வேடம் அல்ல.

• 1917: தி புட்சர் பாய். கீட்டனின் முதல் படம். இந்த ஒரு வரிக்காகவே பலமுறை கேட்கப்படும் படம். கீஸ்டோனை விட்டு வந்த ஆர்பக்கிள், தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்கின் ஆதரவில் கொமிக் நிறுவனத்துக்காக எடுத்தது. படப்பிடிப்பு நியூயார்க்கில். ஆக, கீட்டன் திரைக்கு வந்த அன்று லூக் ஏற்கெனவே அனுபவமுள்ள நடிகர். கடையின் அரவை எந்திரத்தைச் சுழற்றும் ஓடுபலகையில் இங்கே லூக்கைப் பார்க்கலாம்.

• 1917: கோனி ஐலண்ட். கடற்கரை மணலை லூக் தோண்டுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் ஃபேட்டிக்கு யோசனை வருகிறது: மனைவி கண்ணில் படாமல் இருக்கத் தன்னையே மணலில் புதைத்துக்கொள்கிறார். நாய் சொல்லிக்கொடுத்து மனிதன் செய்யும் நகைச்சுவை.

• 1918: தி குக். வெகுகாலம் தொலைந்த படங்களின் பட்டியலில் இருந்தது. 1998-இல் நார்வே திரைப்பட நிறுவனத்தின் காப்பகத்தில் பிரதி கிடைத்தது. கேளிக்கைப் பூங்காவில் அல் செயின்ட் ஜானை லூக் விரட்டும் காட்சி இதில்தான்.

• 1920: தி கராஜ். ஆர்பக்கிளும் கீட்டனும் சேர்ந்து நடித்த கடைசிக் குறும்படம்.

• 1920: தி ஸ்கேர்குரோ. இயக்கம் கீட்டன், எட்வர்ட் கிளைன். இரண்டு ரீல். லூக்கின் மிகச் சிறந்த வேலை இது என்பது என் உறுதியான கருத்து.

சுவர் மேல் ஓட்டம்

தி ஸ்கேர்குரோவில் லூக் கிரீம் பை ஒன்றைத் தின்றுவிடுகிறது. வாயைச் சுற்றி வெள்ளைக் கிரீம். பார்த்த கீட்டன் வெறிநாய் என்று நினைத்து ஓடுகிறார். இடிந்த செங்கல் வீடு ஒன்று வருகிறது. கூரை இல்லை, சுவர்கள் மட்டும் நிற்கின்றன. கீட்டன் சுவரின் உச்சியில் ஏறி விளிம்பிலேயே ஓடுகிறார். நாயும் அதே விளிம்பில், அதே வேகத்தில், மூலை திரும்பும் இடத்தில் கீட்டன் எப்படித் திரும்பினாரோ அப்படியே திரும்புகிறது. ஜன்னல் வழியாக உள்ளே, வெளியே, மறுபடி சுவர்மேல். காமிரா தள்ளி நிற்பதால் இருவரும் ஒரே சட்டத்தில் முழுதாகத் தெரிகிறார்கள். துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய துரத்தல் அல்ல. கால் இடறினால் இருவரில் யாரும் விழுந்திருக்கலாம். கடைசியில் கீட்டன் வைக்கோல் எந்திரத்தில் விழுந்து உடைகளை இழக்கிறார். நாயோடு சமாதானம் ஆகிவிடுகிறது. உடை போனதால்தான் சோளக்கொல்லைப் பொம்மையின் சட்டை தேவைப்படுகிறது, தலைப்பும் அதிலிருந்து வருகிறது. அதாவது இந்த ஓட்டம் கதைக்குள் வைத்துத் தைக்கப்பட்டது.

ஏன் மௌனப்படத்துக்கு நாய் பொருந்தியது

• கீஸ்டோன் பாணியில் படம் துரத்தலில் முடியும். துரத்துவது நாய்க்கு இயல்பு. அதற்கு இடைத்தலைப்பு அட்டையில் வசனம் தேவையில்லை.

• மாதிரி வினா. கூற்று: காமிரா ஓடும்போதே நாய்க்குக் குரல் கொடுத்து வேலை வாங்க முடிந்தது. காரணம்: ஒலி பதிவாகவில்லை. விடை: இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது. பேசும்படம் வந்ததும் பயிற்சியாளர்கள் கைச்சைகைக்கு மாறவேண்டியிருந்தது.

• லூக்கின் இன்னொரு வசதி, வளர்த்தவரே உடன் நடித்தார், பல படங்களை அவரே இயக்கினார். நாய் யாரைப் பார்த்து வேலை செய்ய வேண்டுமோ அவர் காட்சிக்குள்ளேயே இருந்தார்.

1921-க்குப் பிறகு

1921 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடிகை வர்ஜீனியா ராப்பின் மரணத்தை ஒட்டி ஆர்பக்கிள் மீது வழக்கு. மூன்று விசாரணைகள். 1922 ஏப்ரல் 12-இல் விடுதலை. ஆறே நாளில் அமெரிக்கத் திரைத்துறைச் சங்கத் தலைவர் வில் ஹேஸ் அவர் படங்களுக்குத் தடை விதித்தார். அதே ஆண்டு டிசம்பரில் தடை நீங்கினாலும் பழைய இடம் திரும்பவில்லை. குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்ன மனிதரின் படங்கள் திரையைவிட்டுப் போனபோது லூக்கின் உழைப்பும் அவற்றோடு இருட்டுக்குப் போனது. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

குழப்பிக்கொள்ளாதீர்கள்

• பிளேர்: கோலி இனம். ரெஸ்க்யூட் பை ரோவர் (1905), பிரிட்டன், செசில் ஹெப்வொர்த்தின் வீட்டு நாய். பிரதி எடுத்து எடுத்து நெகட்டிவ் தேய்ந்ததால் படத்தை மறுபடி மறுபடி எடுத்தார்கள்.

• ஜீன்: கோலி. 1910 முதல் வைட்டாகிராஃப் நிறுவனம். பயிற்சியாளர் லாரி டிரிம்பிள்.

• டெடி: கிரேட் டேன். கீஸ்டோன்தான், ஆனால் வேறு நாய். டெடி அட் தி த்ராட்டில் (1917), உடன் குளோரியா ஸ்வான்சன்.

• மட்: சாப்ளினின் எ டாக்ஸ் லைஃப் (1918). படத்தில் பெயர் ஸ்கிராப்ஸ்.

• பீட்: அவர் கேங் தொடர், தயாரிப்பு ஹால் ரோச். கண்ணைச் சுற்றி வட்டம். லூக்கோடு அதிகம் மாறிப்போவது இதுதான், காரணம் இரண்டும் பிட்புல். வட்டம் இருந்தால் பீட், வட்டம் இல்லாமல் ஏணி ஏறினால் லூக். பீட்டாக முதலில் நடித்த பால் என்ற நாய் ஹரால்ட் லாயிட்டின் தி ஃப்ரெஷ்மேன் (1925) படத்திலும் உண்டு.

• ரின் டின் டின், ஸ்ட்ராங்ஹார்ட்: ஜெர்மன் ஷெப்பர்ட். இவை சாகசப்பட நாயகர்கள். நகைச்சுவைப் பட்டியலில் சேர்த்தால் மதிப்பெண் போகும்.

• ஸ்கிப்பி: ஃபாக்ஸ் டெரியர். பேசும்படக் காலம். தி தின் மேன் (1934), பிரிங்கிங் அப் பேபி (1938).

படித்து மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடாதீர்கள். தி ஸ்கேர்குரோ இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இன்றைய படிப்பு முடிந்ததும் போட்டுப் பாருங்கள், அந்தச் சுவர்க் காட்சி வந்ததும் கீட்டனை விட்டுவிட்டு ஒருமுறை லூக்கை மட்டும் பாருங்கள்.