வைத்தியப் பத்திரிகையும் பத்திராதிபரும்

வைத்தியப் பத்திரிகை யொன்றின் பத்திராதிபர் மாறுவது வெளியுலகத்தார் கவனிக்கும் விஷயமன்று. ஒருவர் ஓய்வு பெறுவார். வேறொருவர் அவ்விடத்தில் அமர்வார். ஆயின் அவர் தாமாக விலகாது விலக்கப்படுங்கால், அவரை விலக்கத் தக்கவர் யார் என்னும் கேள்வி பிறக்கின்றது. இத்தகைய பத்திரிகைகளில் வெளிவரும் ஆராய்ச்சியை நம்பியே வைத்தியர் மருந்து கொடுப்பதால், இக்கேள்வி நோயாளர் யாவரையும் சார்ந்ததாகும்.

சென்னையில் டாக்டர் உ. ராமராவ் 1904-ஆம் ஆண்டில் ‘ஆன்டிசெப்டிக்’ என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். 1937 முதல் 1945 வரை சென்னைச் சட்ட மேல்சபையின் தலைவராக விளங்கியவரும் இவரே. நிறுவியவரே நடத்தும் பத்திரிகையில் மேற்கண்ட கேள்விக்கு இடமில்லை. அவர் தவறினால் தடுப்பாருமில்லை என்பது வேறு. மேனாட்டுப் பெரும் பத்திரிகைகள் பலவோ வைத்தியச் சங்கங்களின் உடைமை. சங்கத்திற்கு அங்கத்தினரின் மனநிறைவும் பிற சங்கங்களின் நட்பும் வேண்டும்; பத்திராதிபருக்கோ இவை யிரண்டும் பொருட்டாதல் கூடாது.

பிள்ளைப்பாக்கம், ஒரகடம் முதலிய இடங்களின் தொழிற்சாலைகளைக் கண்ட நம் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். சரக்கை விரைந்து ஏற்றியனுப்ப வேண்டிய அதிகாரிக்குக் கீழ்ப்பட்டே அச்சரக்கின் தரத்தைப் பரிசோதிப்பவரும் இருப்பாராயின், அவர் எத்தனை முறை ‘இது தகாது’ என்று துணிந்து எழுதுவார்?

அமெரிக்க வைத்தியச் சங்கம், 17 ஆண்டுகள் பணிபுரிந்த ஜார்ஜ் லண்ட்பர்க் என்பாரை 1999-இல் நீக்கியது. எனினும் நாம் விரிவாக நோக்கத் தக்கது கனடா தேசத்து நிகழ்ச்சியே.

அந்நாட்டில் 2005-இல் அவசரக் கருத்தடை மாத்திரையொன்று வைத்தியரின் சீட்டின்றியே மருந்துக்கடையில் கிடைக்கும்படி செய்யப்பட்டது. ஆனால் அதனை வாங்கவரும் பெண்களிடம் கடைக்காரர் அந்தரங்க விவரங்களைக் கேட்டெழுதுவதாக அறிந்த கனடா வைத்தியச் சங்கப் பத்திரிகை, 13 பெண்களை அம்மருந்தை வாங்கச் செய்து, அவர்கள் கண்டதை வெளியிட முனைந்தது. மருந்தாளர் சங்கம் முறையிட்டது. வைத்தியச் சங்கம் தலையிட, அப்பெண்களின் அனுபவங்கள் நீக்கப்பட்டே கட்டுரை வெளிவந்தது. பத்திராதிபர் ஜான் ஹோயி இதனை மறைக்கவில்லை; தம் பத்திரிகையின் தலையங்கத்திலேயே கண்டித்தெழுதினார். 2006 பிப்ரவரி 20-ஆம் நாள் அவரும், அவருடன் பணியாற்றிய ஆன் மேரி டாட்கில் அம்மையாரும் நீக்கப்பட்டனர். பத்திரிகைக்குப் புத்துணர்ச்சி வேண்டியே இம்மாற்றம் என்று வெளியீட்டாளர் காரணங் கூறினார். அதனை நம்பினவர் சிலரே. தற்காலிகமாக அமர்த்தப்பட்டவரும் சில நாட்களில் விலகினார். ஆலோசனைக் குழுவினருள் பெரும்பாலோரும் அவ்வாறே விலகினர்.

சங்கம் ரிச்சர்டு பவுண்ட் என்பவரின் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை நியமித்து, அக்குழு கூறிய 25 யோசனைகளையும் ஏற்றது. பத்திராதிபருக்கும் சங்கத்திற்கும் நடுவே நின்று பத்திரிகையின் சுதந்திரத்தைக் காக்கும் மேற்பார்வைக் குழு அவற்றுள் முதன்மையானது. விலகியவர்களுட் சிலர், மருந்துக் கம்பெனிகளின் விளம்பரமே வேண்டாமென்று ‘ஓப்பன் மெடிசின்’ என்னும் இலவசப் பத்திரிகையை 2007-இல் தொடங்கினர். தொண்டர்களின் உழைப்பினால் நடந்த அது 2014-இல் நின்றுபோயிற்று. விளம்பரப் பணத்தை வேண்டாமென்பது எளிது. அதனிடத்தை வேறெதனால் நிரப்புவதென்பதே கடினம்.

சங்கத்தின் பழைய பத்திரிகையோ தொடர்ந்து நடந்தது. 2016 பிப்ரவரி மாத இறுதியில், அப்போது பத்திராதிபராயிருந்த ஜான் ஃப்ளெட்சர் பதவியினின்று நீக்கப்பட்டார். அவரைக் காத்தற்கென்றே ஏற்பட்ட மேற்பார்வைக் குழுவும் அப்போதே சங்கத்தாரால் கலைக்கப்பட்டது.