கதையை மாற்றினால் தப்பா?

ஆயக்குடியில் கொய்யா வாங்கிக்கிட்டு பழநிக்குப் போகிற எல்லோருக்கும் ஒரு பழக்கதை தெரியும்: ஞானப்பழம் கிடைக்காத கோபத்தில் முருகன் பழநிக்கு வந்த கதை. அதைத் தொடக்கமாக வைத்து 1965-ல் ஏ.பி.நாகராஜன் எடுத்த படம் 'திருவிளையாடல்'.

ஒன்றைக் கவனிங்க. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள 64 படலங்களில் இந்தப் பழக்கதை கிடையாது. படத்தில் சேர்த்தது. கோபித்த பிள்ளைக்குத் தாய் கதை சொல்கிறாள் என்ற ஒரே நூலில் தருமி, பாணபத்திரர் என எல்லாக் கதைகளும் கோர்த்துக்கொண்டன. மூலத்தை மாற்றியும் ஜனங்க கொண்டாடினாங்க.

இப்போ கிரேக்கப் புராணத்துக்கு வருவோம். ரிக் ரியோர்டனின் 2005 நாவலை 2010-ல் கிறிஸ் கொலம்பஸ் 'பெர்சி ஜாக்சன்' படமாக்கினார். விமர்சனங்கள் கலவையாகவே வந்தன. 'ஹாரி பாட்டர்' சாயல் என்றார்கள். அதன் முதல் இரண்டு படங்களும் இவர் இயக்கியவைதான்.

வாசகர்களின் வருத்தம் வேறு. நாவலில் பெர்சிக்கு 12 வயது. 16 வயதில் பலிக்க வேண்டிய ஒரு தீர்க்கவாக்குதான் முதல் ஐந்து நாவல்களையும் கட்டி இழுக்கும் கயிறு. படத்திலோ அவன் ஹைஸ்கூல் பையன். பின்னால் இருந்து ஆட்டிவைக்கும் குரோனஸும் இல்லை. கயிறு அறுந்துபோச்சு. 2023-ல் வந்த தொடரில் பெர்சி மறுபடி 12 வயதுக்கே திரும்பினான்.

ஆக, "மூலத்தை மாத்திட்டாங்க" என்பது மட்டும் விமர்சனம் ஆகாது. அந்த மாற்றம் கதையைக் கோர்த்ததா, அறுத்ததா? அடுத்த படத்துக்கு ரிவ்யூ எழுதும்போது முதலில் இதைக் கேளுங்க.