இரண்டு டன் யாருடைய கணக்கு?

அன்புள்ள வாசகருக்கு,

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. கோபமாக எழுதியிருக்கிறீர்கள்; அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. பூமியைச் சூடாக்கியவை பணக்கார நாடுகள் என்கிறீர்கள். ஆண்டுக்கு ஓர் அமெரிக்கர் கணக்கில் சுமார் 14 டன் கரியமில வாயு, ஓர் இந்தியர் கணக்கில் சுமார் 2 டன். 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே பாரிஸ் ஒப்பந்தத்தை விட்டு வெளியேற டிரம்ப் கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்படியிருக்க நம்மிடம் மட்டும் ஏன் உபதேசம் என்று கேட்கிறீர்கள். சாமானியன் உலக அரசியல் பேசி என்ன ஆகப்போகிறது என்பது உங்கள் கடைசிக் கேள்வி.

அந்தக் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொல்கத்தாவில் நான் இருக்கும் லேக் மார்க்கெட்டில் சாமானியர்கள் உலக அரசியல் பேசாத நாள் கிடையாது. குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் கொல்கத்தா கம்பெனிகளுக்கு வந்த தமிழர்கள் ராஷ்பிஹாரி அவென்யூவைச் சுற்றிக் குடியேறினார்கள். அவர்களுக்காக வாழை இலையும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் வந்து சேர்ந்த கடைத்தெரு இது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. கொஞ்ச நாளில் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது. நாம் இறக்குமதி செய்யும் அந்த எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்ததை மளிகைக் கடையில்தான் பலரும் தெரிந்துகொண்டார்கள். காபிப் பொடி அரைத்து முடிகிறவரை புடினையும் நேட்டோவையும் பற்றி வாக்குவாதம் நடக்கும். அந்தப் பேச்சை நான் ஒருபோதும் அற்பமாக நினைத்ததில்லை. விலையைக் கொடுக்கிறவருக்கு அபிப்பிராயம் சொல்லவும் உரிமை உண்டு.

பணக்கார நாடுகள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். 2024 நவம்பரில் பாக்கு நகரில் நடந்த காலநிலை மாநாட்டில், வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. பணக்கார நாடுகள் முன்னின்று 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகச் சொல்லி முடித்துவிட்டன. இந்தியாவின் சார்பில் சாந்தினி ரெய்னா எழுந்து இதை ஏற்க முடியாது என்றார். சரியாகத்தான் சொன்னார்.

என் மனம் உறுத்துவது உங்கள் 2 டன் கணக்கில். அது சராசரி. உங்களையும் என்னையும் மும்பை கோடீஸ்வரரையும் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும், நாங்கள் மாசி என்று கூப்பிடும் பெண்ணையும் கூட்டி வகுத்து வந்த எண். இந்தியாவின் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் நாட்டின் செல்வத்தில் 40 சதவீதம் இருக்கிறது என்று 2024இல் உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் கணக்குப் போட்டுச் சொன்னது. அப்படிப்பட்ட நாட்டில் சராசரியைத் தாழ்த்திக் கொடுப்பவர் யார்? குளிர்சாதனமும் காரும் விமானப் பயணமும் இல்லாதவர். அவர் செலவழிக்காத கரியை நம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு அமெரிக்காவைப் பார்த்து விரல் நீட்டுகிறோம். நீட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்த வரவுக்காக அவருக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று லேக் மார்க்கெட் தமிழர்களிடமும் கேட்கவேண்டியிருக்கிறது, மன்னார்குடியிலும் கேட்கவேண்டியிருக்கிறது.

மாசி வருவது கேனிங் லோக்கல் ரயிலில். விடியும் முன்பே ஏறி பாலிகஞ்சிலோ தாக்குரியாவிலோ இறங்கும் ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருவர். கேனிங்குக்கு அப்பாலும் படகு, ஆட்டோ என்று போகவேண்டிய தீவு அவருடையது. இந்தியச் சுந்தரவனத்தில் 102 தீவுகள், அவற்றில் 54இல் மக்கள் வசிக்கிறார்கள். சுமார் 3,500 கிலோமீட்டர் மண்கரைதான் உப்புத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. டெல்டாக்காரரான உங்களுக்குக் கரை உடைப்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் காவிரி உடைத்துக்கொண்டால் வயலில் ஏறுவது நல்ல தண்ணீர். இங்கே ஏறுவது கடல். 2009 மே மாதம் அய்லா புயலில் ஏறிய உப்பு, பல வயல்களில் அடுத்த சில போகங்களுக்கு நெல்லை விடவில்லை. நிலம் விளையாதபோது ஆண்கள் தெற்கே ரயில் ஏறினார்கள், பெண்கள் கொல்கத்தாவுக்கு.

2020 மே 20ஆம் தேதி அம்பன் புயல் வந்தது. கொல்கத்தாவில் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. ரவீந்திர சரோவர் ஏரிக்கரை மரங்கள் வேரோடு சாய்ந்தன. பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த இருட்டை நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். மாசியின் தீவில் மீண்டும் கரை உடைந்தது. கொரோனா ஊரடங்குக்காக மார்ச்சில் நிறுத்திய புறநகர் ரயில்கள் நவம்பர் 11 அன்றுதான் திரும்ப ஓடத் தொடங்கின. வயலில் உப்பு; வேலைக்கு வர வண்டி இல்லை. அந்த ஏழு மாதத்துக்கும் மேலான காலத்தில் எத்தனை வீடுகள் முழுச் சம்பளம் கொடுத்தன? சில வீடுகள் கொடுத்தன. பல வீடுகள் முதல் மாதத்தோடு நிறுத்திக்கொண்டன. கொடுத்தவர்கள் அதைத் தருமம் என்று சொல்லிக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது தருமம் இல்லை, பாக்கி.

வெயிலையும் சொல்ல வேண்டும். 1950 முதல் 2018 வரை கொல்கத்தாவின் வெப்பநிலை 2.6 டிகிரி உயர்ந்திருக்கிறது என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021 அறிக்கையில் குறித்தது. கான்கிரீட் பெருகியதன் சூடும் அதில் சேர்த்தி. 2024 ஏப்ரல் 30 அன்று கொல்கத்தாவின் அலிப்பூரில் 43 டிகிரி. எங்கள் பகுதியின் பழைய அடுக்குமாடிகளில் ஏசியின் வெளிப்பெட்டியைப் பின்கட்டு பால்கனியில்தான் மாட்டுவார்கள். பாத்திரம் தேய்க்கும் குழாயும் அங்கேதான் இருக்கும். கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர்காற்று. அதே இயந்திரம் கக்கும் அனல் குந்தி உட்கார்ந்து குக்கர் தேய்ப்பவரின் முதுகில். அந்த ஏப்ரலில் மாசி ஈரத் துண்டை முதுகில் போட்டுக்கொண்டு தேய்த்தார். துண்டு காய்ந்ததும் நனைத்துப் போட்டுக்கொள்வார். பெட்டியை மொட்டைமாடிக்கு மாற்ற ஆகும் செலவு பெரிய செலவில்லை. மாற்றிய வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மாசிக்கு உலக அரசியல் தெரியுமா என்று நீங்கள் கேட்கலாம். அவர் வீட்டுக்காரர் ஒரு குழுவோடு உங்கள் ஜில்லாப் பக்கம்தான் நடவுக்கு வருகிறார். மேற்கு வங்கத்து ஆட்கள் வந்து நடவு நடுவது இன்று டெல்டாவில் சாதாரணக் காட்சி என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். நிலத்தை விட்டு என் பாட்டனார் தஞ்சாவூரிலிருந்து இங்கே பேனா பிடிக்க வந்தார்; நிலம் உப்பாகிப்போனவர் அங்கே நாற்றுப் பிடிக்க வருகிறார். 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அவர்களில் தமிழ்நாட்டுக்குக் கூலி வேலைக்கு வந்துகொண்டிருந்த சுந்தரவனத்துக்காரர்களும் உண்டு. மாசியின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் அவனுக்கு ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. அந்த மாதம் தீவுக்குப் போன பணம் குறைந்தது. டிரம்ப் யார் என்று மாசிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டால் நேராகச் சொல்வார். "மண்ணால் கரை கட்டுகிறார்கள், அடுத்த புயலில் போகிறது, திரும்பவும் மண்ணால் கட்டுகிறார்கள். அரிசி கொடுக்க வருகிறவர்கள் கல்லும் சிமெண்டும் கொண்டுவரட்டும்." 2021 மே மாதம் யாஸ் புயலுக்குப் பிறகு தீவுகளில் மக்கள் பதாகை பிடித்துக் கேட்டதும் இதைத்தான்: நிவாரணம் வேண்டாம், நிலையான கரை வேண்டும். பாக்குவில் பேசிய 30,000 கோடி டாலரில் எத்தனை இந்தக் கரைக்கு வந்து சேரும் என்று கேட்க மாசியைவிடத் தகுதியானவர் யார்?

கேனிங்குக்கு இதில் பழைய கதையே ஒன்று உண்டு. அங்கே பிரிட்டிஷார் துறைமுகம் கட்டத் திட்டமிட்டபோது, புயல்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஹென்றி பிடிங்டன் 1853இல் கவர்னர் ஜெனரலுக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1867 புயலில் துறைமுகம் நாசமானது. அறிஞர் சொன்னதற்கே அந்த மரியாதை.

2025 செப்டம்பர் 23 விடியற்காலை கொல்கத்தாவில் பெய்த மழையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் 251 மில்லிமீட்டர்; துர்கா பூஜைக்குச் சில நாள் முன்பு. தேங்கிய தண்ணீரில் மின்சாரம் கசிந்து பலர் இறந்தார்கள். வெளியே போகாமல் இருக்க முடிந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று வேலைக்கு வராதவர்களுக்குச் சம்பளம் பிடித்த வீடுகளும் இங்கே உண்டு.

அதனால்தான் இந்த வீட்டு வேலையைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறேன். வீட்டுப் பணியாளர் உரிமைகளுக்கான 189ஆம் உடன்படிக்கையை 2011இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. இன்றுவரை அங்கீகரித்துக் கையெழுத்திடவில்லை. மேற்கு வங்கத்தில் வீட்டுப் பணிப்பெண்களின் சங்கம் ஒன்று தொழிற்சங்கமாகப் பதிவானதே 2018இல்தான். குஜராத்தில் தொடங்கிய சேவா அமைப்பு, வெயில் 40 டிகிரியைத் தாண்டினால் பெண் தொழிலாளர்களுக்குக் கையில் 400 ரூபாய் கிடைக்கும்படி 2024இல் ஒரு காப்பீட்டு ஏற்பாடு செய்தது. சின்னத் தொகைதான். ஆனால் வெயிலுக்குக் கூலி இழப்பு உண்டு என்று ஒருவர் கணக்கில் எழுதியிருக்கிறார். எங்கள் தெருவிலும் அப்படி எழுதலாம் என்று அடுக்குமாடிக் கூட்டத்தில் பேசிவருகிறேன்: புயல், ரயில் நிறுத்தம், கடும் வெயில் நாள்களுக்குச் சம்பளப் பிடித்தம் கூடாது என்று. சில வீடுகள் சம்மதித்திருக்கின்றன.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த நடவுக்குக் குழு வந்து இறங்கும்போது, எந்தத் தீவு, எந்தக் கரை போனது, மோட்டார் கொட்டகையில் எத்தனை பேரைத் தங்கவைத்திருக்கிறார்கள், உச்சி வெயிலில் எத்தனை மணி நேரம் குனிந்து நிற்கிறார்கள், ஏக்கர் கூலியில் ஏஜெண்ட் எவ்வளவு எடுக்கிறார் என்று விசாரித்து எழுதுங்கள். அவர்களில் யாராவது ஒருவருக்காவது தமிழ் கொஞ்சம் வந்திருக்கும். மாசியின் வீட்டுக்காரரும் அங்கே இருக்கலாம்; இருந்தால், அவர் போன் பத்து நாளாக வரவில்லை என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
லேக் மார்க்கெட், கொல்கத்தா