ஒட்டுவில்லும் அதன் அச்சும்

வில் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் தமிழ் பயில்வார் நெஞ்சில் முதற்கண் தோன்றுவன சேரர் கொடியும், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வேட்டமும், மிதிலையில் இராமன் இறுத்த வில்லுமேயாம். வில் ஏந்தினாரைப் பாடிய அளவிற்கு வில் செய்தாரைப் புலவர் பாடினாரல்லர். ஆயினும் வில்லின் பெயர்களுட் சில அதன் பிறப்பைத் தம்முள் மறைத்து வைத்துள்ளன. திருமாலின் வில்லாகிய சார்ங்கம், கொம்பு எனப் பொருள்படும் சிருங்கம் என்ற வடசொல்லின் அடியாகப் பிறந்த பெயர். பனை, மூங்கில், மரம், கொம்பு என்னும் நான்கினாலும் வில் செய்யப்படும் என்று கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் கூறுகின்றது. இவற்றுள் பனைவில் போர்க்களத்தை விட்டு நீங்கிய பின்னரும் தென்பாண்டி நாட்டில் வில்லுப்பாட்டுக் கலைஞர் முன்னிலையில் மணிகட்டி ஒலித்துக்கொண்டிருப்பது நாம் கண்டு மகிழத்தக்கது.

ஈண்டு யான் கூறப்புகுவது பல பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் வில்லையும், அதனினும் சிறப்பாக அதனை ஒட்டுதற்குரிய அச்சையும் பற்றியதாம். வில்லைப் பற்றிக் கூறாது அச்சைப் பற்றிக் கூறுவானேன் எனின், வில்லின் நன்மை தீமை இரண்டும் அச்சிலேயே முடிந்துவிடுகின்றன என்க.

ஒட்டுவது எதற்கு என்பதை முதலில் அறிதல் வேண்டும். நாணை இழுக்குங்கால் வில்லின் புறமுகம், அஃதாவது எய்பவனுக்கு அப்பாலுள்ள பக்கம், நீட்டப்படும். அவனை நோக்கிய அகமுகம் நெருக்கப்படும். நடுவில் உள்ள பகுதியோ பெரும்பாலும் சும்மா இருக்கும். இவ்விரு வேலைகளையும் ஒரே பொருள் ஒருங்கே திறம்படச் செய்தல் அரிது. மூங்கிலின் பச்சைத்தோலை அடுத்துள்ள நார் இழுவிசையை நன்கு தாங்கும். எருமைக்கொம்பு நெருக்கத்தைத் தாங்கும். இதனை அறிந்த ஆசிய நாட்டார் புறத்தில் விலங்கின் நரம்பும், நடுவில் மரமும், அகத்தில் கொம்பும் வைத்து ஒட்டினர். கொரிய நாட்டார் நடுவில் மூங்கில் வைத்தனர். சப்பானியர் மூங்கிற் பத்தைகளையும் மரத்தையும் சேர்த்துக் கயிற்றால் இறுகச் சுற்றி, கயிற்றின் இடையே முளைகளை அடித்து அடித்தே வளைவை வருவித்தனர். அவர்க்கு அச்சாக நின்றது கைவினைஞனின் கண்ணும் சுத்தியலுமேயாம். தலைமுறை தலைமுறையாகப் பழகினார்க்கன்றி அம்முறை கைவராது. இக்காலத்தார் கண்ணாடி நாரையும் எபாக்சிப் பசையையும் கொண்டு ஒட்டுதற்குத் திண்ணிய அச்சொன்றைச் செய்து, அதன்மேல் பட்டைகளைப் படியவைத்து அழுத்துகின்றனர். புதிதாகக் கற்பவனுக்கு இதுவே தக்க வழி.

கம்பம் பள்ளத்தாக்கில், ஓடைப்பட்டி போன்ற திராட்சைத் தோட்டத்து ஊரிலே, இதனால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். வில்வித்தைப் போட்டிகளுள் இந்தியச் சுற்று என்னும் பிரிவு மூங்கில் வில்லுக்கும் மரவில்லுக்கும் உரியது. 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களிலும் எய்த லிம்பா ராம் ராஜஸ்தானத்துப் பழங்குடியில் தோன்றி மூங்கில் வில்லில் பழகியவர். ராஞ்சிக்கு அருகில் பிறந்த தீபிகா குமாரியும் வீட்டிற் செய்த மூங்கில் வில்லொடு தொடங்கியவரே. அயல்நாட்டுப் போட்டிவில்லின் விலை உழவர் குடியிற் பிறந்த மாணாக்கனுக்கு எட்டாதது. மூங்கிலும், ஒட்டுப்பலகையும், ஊர்த் தச்சர் பட்டறையில் ஒரு மூலையும் எட்டுவன. ஆனால் அவன் கையில் உள்ள சிறுபொருள் ஒரு முறைக்கே போதும். அச்சுக் கோணினால் மூங்கில், பசை, பல வார உழைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே போம்.

கோணுதல் என்றது யாது? அச்சின் மேல்முகம் அதன் பக்கத்திற்கு எவ்விடத்தும் செங்கோணமாக நிற்றல் வேண்டும். ஒரு பாகை சாய்ந்தால் தீங்கென்ன என்று தோன்றும். 45 மி.மீ. அகலமுள்ள பட்டையில் ஒரு பாகைச் சாய்வு ஒரு விளிம்பை மற்றதைவிட ஏறக்குறைய 0.8 மி.மீ. தாழ்த்திவிடும். மேற்கை இடப்புறமும் கீழ்க்கை வலப்புறமும் அவ்வாறு சாய்ந்தால் வில் பிறக்கும்போதே முறுக்குண்டு பிறக்கும். நாணேற்றிய பின் நாண் நடுவழியே செல்லாது ஒருபால் ஒதுங்கும். முறுக்கு மிகின் வில்லே புரண்டு நாண் கழன்று எய்பவன் முகத்தில் அடிக்கவும் கூடும்.

வழவழப்பின்மையும் இதனோடு ஒத்த குற்றமே. அச்சில் ஒரு பள்ளம் இருப்பின் அவ்விடத்தே பட்டைகள் நெருங்கா. இடையில் பசை தேங்கித் தடிக்கும், அன்றிக் காற்று நிற்கும். வளைப்பதை எதிர்க்கும் விறைப்போ தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுவது. தடிப்பு பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத மேடும் கையின் வளைவில் தெரியும் என்பது இதனாற் பெறப்படும். தடித்த இடம் வளையாது நிற்க, அடுத்துள்ள மெல்லிய இடம் இருவர் சுமையையும் ஏற்று ஒடியும்.

இனி, செய்முறை. அச்சின் உடலுக்குத் தனிமரம் ஆகாது. மழைக்காலத்தில் பருத்தும் கோடையில் சுருங்கியும் அது தன் செங்கோணத்தை இழந்துவிடும். ஒட்டுப்பலகையில் தாள்கள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்டிருத்தலின் அவ்வளவு அசைவில்லை. 18 மி.மீ. பலகை மூன்றை ஒட்டினால் 54 மி.மீ. அகலம் கிடைக்கும், 45 மி.மீ. பட்டைக்கு அது போதும். கடையிற் கிடைக்கும் ஒட்டுப்பலகைகளுட் பல வளைந்தே வருகின்றன. வளைந்த பலகையை ஒட்டிய பின் திருத்துவோம் என்று எண்ணுதல் வீண்.

வளைவை முழு வில்லுக்கும் வரையாது பாதிக்கே வரைதல் நன்று. மெல்லிய மரக்கீற்று ஒன்றைக் குறித்த புள்ளிகளின் வழியே வளைத்துப் பிடித்துக் கோடு கீறினால், கையால் வரைந்த கோட்டிலுள்ள நெளிவு அதில் இராது. அக்கோட்டின்படி மெல்லிய பலகையில் ஒரு படிப்பலகை செய்து, அதனையே திருப்பி வைத்து மற்றைப் பாதியை வரைந்தால் இரு கைகளும் ஒத்திருக்கும்.

பொறிகளால் செய்வார் சுழலுளியின் உருளையைப் படிப்பலகைமேல் ஓடவிட்டு அச்சைச் சீவுவர். விரைவான முறைதான். எனினும் படிப்பலகையில் உள்ள பள்ளத்தை அவ்வுருளை உண்மையாகவே நம்பி அச்சிலும் பதித்துவிடும். கையால் செய்வார்க்கு உரியது வேறு வழி. ஒன்றுபோன்ற படிப்பலகைகள் இரண்டைச் செய்து, அச்சின் இரு பக்கத்தும் நேருக்கு நேர் பொருத்துக. நேருக்கு நேர் என்பதிலேதான் முழுச் சிக்கலும் உள்ளது. இரண்டையும் பிணைக்கும் ஆணித்துளை பக்கத்திற்குச் செங்கோணமாக இறங்கவில்லையாயின் ஒரு படிப்பலகை மற்றதைவிட முன்னோ பின்னோ நகர்ந்து நிற்கும். பின் எத்துணைக் கவனமாக இழைத்தாலும் முகம் சாய்ந்தே வரும். ஆதலின் துளையைக் கைத்துரப்பணத்தால் இடாது நிலைத்துரப்பணத்தால் இடுக. பின்னர்ப் புறக்கோட்டுக்கு 3 மி.மீ. தள்ளி அறுத்து, மர அரத்தால் தேய்த்து, இறுதியில் நேரான கோல் ஒன்றில் உப்புத்தாளை ஒட்டி, இரு படிப்பலகைகளின்மேலும் ஒருங்கே படுமாறு குறுக்கே வைத்துத் தேய்க்க. கோல் இரண்டையும் தொட்ட இடத்தில் நிறுத்துக. மேலும் தேய்த்தால் படிப்பலகையே குறையும். நெடுக்குவாட்டில் தேய்த்தற்கு வளையும் மெல்லிய கீற்றில் உப்புத்தாள் ஒட்டிக்கொள்ளுதல் வேண்டும். அக்கீற்றுப் பள்ளத்தின்மேல் பாலமாக நின்று மேட்டை மட்டுமே அராவும். எஞ்சிய பள்ளத்தைப் பட்டியிட்டு நிரப்பலாம்.

ஓடைப்பட்டித் தச்சர் ஒருவர் மூலைமட்டத்தை அச்சின்மேல் வைத்து வெளிச்சத்திற்கு நேரே பிடித்து, "தம்பி, மட்டமா இருக்கு" என்றார். தெருவழக்கில் மட்டம் என்பது இழிவு. தச்சர் வாயிலோ அதனினும் உயர்ந்த பாராட்டில்லை. ஒரு சொல் பட்டறை வாயிலைக் கடக்கும்போதே பொருள் மாறிவிடுவதைத் தமிழ் மாணாக்கர் நோக்குக.

மூலைமட்டம் ஒன்றே போதும் என்று கருதற்க. அச்சின் உடலே முறுக்குண்டிருந்தால் ஒவ்வோரிடத்திலும் மூலைமட்டம் சரியென்றே காட்டும். ஏனெனில் பக்கமும் முகமும் சேர்ந்தே திரும்பியிருக்கும். இதனை அறிய ஒத்த உயரமுள்ள நேர்கோல்கள் இரண்டை அச்சின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் நோக்குக. அவற்றின் மேல்விளிம்புகள் இணையாகத் தோன்றினால் முறுக்கில்லை. நடுக்கோட்டைப் பார்ப்பதற்குப் பந்தற்கல் ஊன்றுவோர் செய்வதுபோல நூல் இழுத்துக் கட்டுதலே சிறந்தது.

இன்னுமொரு சோதனை உண்டு. அச்சின்மேல் வெள்ளைத்தாளை விரித்து, அதன்மேல் கரித்தாளை மைப்பக்கம் கீழாக வைத்து, பட்டைகளைப் பசையின்றி வைத்து முறைப்படி அழுத்துக. எடுத்துப் பார்த்தால் பட்டை படிந்த இடமெல்லாம் கறுத்திருக்கும். படியாத இடம் வெளுத்திருக்கும். முதல்முறை வெளுப்பே மிகுதியாகக் காணப்படும். அதனைக் கண்டு மனந்தளரற்க. பசை குழைத்த பின் இதனை அறிதலினும் முன்னர் அறிதல் மலிவு.

அச்சு ஒழுங்கானபின் பசை ஒட்டாதிருக்க வழவழப்பான நெகிழித்தாள் சுற்றுதல் வேண்டும். ஈரப்பசையின்மேல் பட்டைகள் வழுக்கி நகருமாதலின் நடுவில் சிறு முளையிட்டும் ஓரங்களில் தடைக்கட்டை வைத்தும் நிறுத்துக. அழுத்துதற்குப் பழைய சைக்கிள் டியூபை நீள வாராகக் கிழித்துச் சுற்றினாலே போதும். நடுவிலிருந்து நுனி நோக்கிச் சுற்றினால் மிகுபசை வெளியேறும். முழுதும் பிதுங்கிப் போகுமாறு அளவிறந்து இறுக்குதலும் தீது. பசை எத்துணை வெப்பத்தில் எத்துணை நேரம் இறுக வேண்டுமென்பது அதன் புட்டியிலேயே எழுதப்பட்டிருக்கும். அதனின் முந்தி அவிழ்க்கும் ஆசை எல்லார்க்கும் எழுவதே.

வில் வெளிப்பட்டபின், முதன்முறை வளைக்குங்கால் எவரும் அதன் நேரே நில்லாதிருக்க. அம்பின்றி நாணை இழுத்து விடுதலும் கூடாது. அம்பு கொள்ள வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி அதனைப் பிளக்கும். அச்சை ஈரமில்லாத இடத்தில், சுவரில் சாய்த்து வைக்காது, தட்டையாகக் கிடத்துக. ஐப்பசி மழை ஓய்ந்தபின் நேர்கோல் இரண்டையும் மீண்டும் வைத்துப் பார்த்த பின்னரே அடுத்த வில்லுக்கு மூங்கில் பிளத்தல் வேண்டும்.