கணினிக்கு வரும் கப்பம்: உங்கள் கடை தயாரா?

கப்பம் என்ற சொல்லை நமது பிரதேச வியாபாரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் அதைக் கொடுத்தவர்களும் கொடுக்க முடியாமல் கடையை மூடியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இப்போது கப்பம் கணினி வழியாகவும் கேட்கப்படுகிறது. ஆங்கிலத்தில் இதை ரான்சம்வெயார் என்கிறார்கள். கணினிக்குள் நுழையும் இந்த மென்பொருள், அங்குள்ள கணக்குகள், பட்டியல்கள், கடிதங்கள் அனைத்தையும் எவரும் வாசிக்க முடியாதபடி பூட்டிவிடும். பின்னர் திரையில் ஓர் அறிவித்தல் தோன்றும்: "இவ்வளவு பணம் தந்தால் திறப்பைத் தருவோம்."

"இதெல்லாம் பெரிய கம்பனிகளுக்கு வருவது காக்கா, நம்மட கடைக்கு ஏன் வரப்போகுது?" என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். இந்த மென்பொருள் கடையின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. திறந்திருக்கும் கதவையே தேடுகிறது. 2017 மே 12 ஆம் திகதி பரவத் தொடங்கிய வன்னாகிரை, சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. பிரித்தானிய அரச வைத்தியசாலைகளும் தப்பவில்லை. அந்தக் கதவை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்களே அகப்பட்டார்கள்.

நமது நாட்டிலேயே பெரிய பாடம் ஒன்று உண்டு. 2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி, அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் இருந்த லங்கா அரச கிளவுட் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. கட்டமைப்பு விரைவில் மீண்டும் இயங்கியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அந்த மூன்று மாதங்களுக்கும் மேலான காலத்துக்குப் பயன்படக்கூடிய பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மென்பொருளும் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்கும் திட்டம் நிதி முதலிய காரணங்களால் தள்ளிப்போயிருந்தது. இணைப்பில் இல்லாத பிரதியை நாள்தோறும் எடுக்கும் முடிவு இதன் பின்னரே வந்தது.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் ஒன்றுதான். "பிரதி இருக்கிறது" என்பது தயார்நிலை அல்ல. கணினியோடு இணைந்திராத, அண்மையில் எடுத்த, திறந்து பார்த்துச் சோதித்த பிரதி இருப்பதே தயார்நிலை. உங்கள் கடை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பின்வரும் ஆறு கேள்விகளால் அளந்து பாருங்கள்.

1. எதை இழந்தால் கடை நின்றுவிடும்? காத்தான்குடிப் புடவைக் கடைக்கு அது வாடிக்கையாளர் கடன் கணக்காக இருக்கலாம். ஓட்டமாவடி அரிசி ஆலைக்கு விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய நெல் பணமாக இருக்கலாம். வாவி மீனையும் இறாலையும் கொழும்புக்கு அனுப்புபவருக்கு லொறிக் கணக்காக இருக்கலாம். இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் காக்க வேண்டியவை இவைதான்.

2. பிரதி எங்கே இருக்கிறது? கணினியில் எந்நேரமும் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் கணினியோடு சேர்ந்து பூட்டப்படும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இது புரியும்: ஒரே தரையில் இரண்டு மூட்டை வைத்தால் இரண்டும் நனையும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி மாறி மாறிப் பயன்படுத்துங்கள். பிரதி எடுத்ததும் கழற்றுங்கள். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இணையச் சேமிப்பை நம்புபவர்கள், பழைய பதிப்புகளை அது வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் பூட்டப்பட்ட கோப்பே நல்ல கோப்பின் மேல் பதிவாகிவிடும்.

3. பிரதி திறக்கிறதா? வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். பில் போடும் மென்பொருளை மீண்டும் நிறுவ வேண்டிய கோப்பும் அனுமதி இலக்கமும் கைவசம் உண்டா? எத்தனை மணித்தியாலம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

4. எத்தனை நாள் கணக்கை இழந்து தாங்குவீர்கள்? ஒரு நாள் என்றால் நாள்தோறும் பிரதி தேவை. கடன் பட்டியலை வாரம் ஒருமுறை தாளில் அச்சிட்டு வையுங்கள். தாளை எந்த வைரஸும் பூட்டாது.

5. கதவுகள் பூட்டியுள்ளனவா? விண்டோஸ் 7 க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10 க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியும் முடிந்துவிட்டன. களவாகப் பிரதி செய்த மென்பொருளோடு வைரஸும் சேர்ந்து வரலாம். மென்பொருள் திருத்துபவர் தூரத்திலிருந்து நுழைவதற்கு வைத்த வழி இன்னும் திறந்திருக்கிறதா? கடவுச்சொல் கடையின் பெயரா? இங்கிலாந்தில் 158 ஆண்டுகள் பழைமையான கேஎன்பி என்ற லொறிப் போக்குவரத்து நிறுவனம் 2023 இல் இத்தகைய தாக்குதலுக்குப் பின் மூடப்பட்டது. சுமார் 700 பேர் தொழில் இழந்தனர். ஓர் ஊழியரின் இலகுவான கடவுச்சொல்லை ஊகித்தே உள்ளே வந்தார்கள் என்று நம்பப்படுகிறது.

6. வந்துவிட்டால் யார் என்ன செய்வது? காசாளர் முதல் உதவியாளர் வரை அனைவரும் அறிய வேண்டியவை: இணைய வயரைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். திரையைத் தொலைபேசியில் படம் எடுங்கள். அவசரப்பட்டுப் பிரதி ஹார்ட் டிஸ்க்கை அதே கணினியில் செருக வேண்டாம், அதுவும் போய்விடும். கணினி சுத்தமாகும் வரை வியாபாரத்தைக் கைப்பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் நடத்துங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் பொலிஸாருக்கும் அறிவியுங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது.

"பணத்தைக் கொடுத்து முடித்துவிட்டால் என்ன?" என்றும் கேட்கிறார்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனம் சுமார் 44 இலட்சம் டொலர் கப்பம் கொடுத்தது. கிடைத்த திறப்பு மிக மெதுவாக வேலை செய்ததால், தனது சொந்தப் பிரதிகளையே அது நம்ப வேண்டியிருந்தது. கள்வனின் வாக்குக்கு உத்தரவாதம் இல்லை. அந்தப் பணம் அடுத்த தாக்குதலுக்கு முதலாகவும் அமையும்.

ஆறுக்கும் தயங்காமல் "ஆம்" சொல்பவர் தயார். இரண்டாம், மூன்றாம் கேள்விகளில் தடுமாறுபவர், மற்ற நான்கும் சரியாக இருந்தாலும் தயார் இல்லை. அவர் இந்த வாரமே அந்த இரண்டையும் சரிசெய்ய வேண்டும்.

கணக்கு அழிந்தால் நமக்கு வரவேண்டிய பணம் போகும் என்றே நாம் அஞ்சுகிறோம். நாம் பிறருக்குக் கொடுக்க வேண்டியதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. பற்றுச்சீட்டு வாங்காமல் நம்பி நெல்லை இறக்கிச் சென்ற விவசாயிக்கு வேறு சாட்சி இல்லை. அவருடைய பணம் நம்மிடமுள்ள அமானிதம். அந்தக் கணக்கைப் பாதுகாப்பது கணினி திருத்துபவரின் வேலை அல்ல, கடை முதலாளியின் பொறுப்பு.